மினியேச்சர் குதிரையின் வாய்க்கு எந்த பிட் சுகம்?

பெரிய குதிரையின் பிட்டையே, அதாவது கடிவாளத்தில் வாய்க்குள் போகும் இரும்பையே, சின்னதாக அடித்துக் கொடுத்தால் போதும் என்ற எண்ணத்தில்தான் பல மினியேச்சர் குதிரைகளின் வாய் புண்ணாகிறது. உயரம் அதிகபட்சம் 38 அங்குலத்துக்குள் அடங்கிவிடும் இந்தக் குதிரைகளுக்குப் பற்கள் மட்டும் அதே கணக்கில் சிறுத்துவிடவில்லை. சின்னத் தாடையில் நெருக்கியடித்து நிற்கின்றன. வாயை மூடினால் நாக்கே பெரும்பாலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் இடுக்கில்தான் நாம் இரும்பைக் கொடுக்கிறோம்.

கடைகளில் எளிதாகக் கிடைப்பது நடுவில் ஒரே மூட்டு உள்ள ஸ்னாஃபிள், அதாவது நெம்பாமல் நேராக இழுக்கும் பிட். கடிவாள வாரை இழுத்ததும் இரண்டு பக்கமும் பாக்குவெட்டி போல மடங்கும். பெரிய வாயில் அதற்கு ஓரளவு இடம் உண்டு. இந்தச் சின்ன வாயில் மூட்டு மேலண்ணத்தில் போய் இடிக்கலாம், நாக்கும் ஈறும் நடுவில் மாட்டிக்கொள்ளலாம். பிட் அகலமாகப் போய்விட்டால் இடி இன்னும் மோசம். குதிரை தலையைத் தூக்கி வாயைப் பிளந்தால், அதை முரட்டுத்தனம் என்று சொல்வது அநியாயம்.

இரண்டு மூட்டும் நடுவில் உருண்டையான சிறு துண்டும் உள்ளதுதான் என் முதல் தேர்வு. நாக்கின் வளைவோடு ஒட்டிப் படியும், இடது வலது சைகையும் தனித்தனியாகப் போய்ச் சேரும். ஆனால் நடுத்துண்டைப் பார்த்து வாங்குங்கள். டாக்டர் பிரிஸ்டல் என்ற வகையிலும் இரண்டு மூட்டு இருக்கும். அதன் தட்டைத் துண்டு சாய்ந்து நின்று விளிம்பால் நாக்கை அழுத்தும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மூட்டே இல்லாமல் லேசாக வளைந்திருக்கும் முல்லன் வகை வண்டி இழுக்கும் குதிரைக்கு நன்றாகப் பொருந்தும். வாய்க்குள் ஆடாது. நாக்கின் மேல் எதுவும் அசைந்தாலே எரிச்சலாகும் குதிரை இதில் அமைதியாகிவிடும். திருப்பும் சைகை கொஞ்சம் மங்கலாகப் போகும் என்பதுதான் குறை. சில குதிரைகள் இதன் மேல் பாரத்தைச் சாய்க்கவும் பழகிவிடும்.

அப்புறம் தடிமன். தடித்த பிட்தான் மென்மை என்பது பெரிய வாய்க்கு வந்த பேச்சு. மினியேச்சருக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் வாயை மூடுவதே சிரமம். ரப்பர் பூசிய பிட்டிலும் இதே சிக்கல், மென்றால் பிய்ந்தும் வரும். அகலம் பெரும்பாலும் 3½ அங்குலம் சரியாக இருக்கும். உதட்டுக்கும் பிட்டின் முனையிலுள்ள வளையத்துக்கும் நடுவே பக்கத்துக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்.

வேலைப்பாட்டைக் கையால்தான் சோதிக்க வேண்டும். ஒரு பஞ்சுத் துண்டை பிட் முழுக்கத் தேயுங்கள். மூட்டிலோ வளையம் நுழையும் துளையிலோ நூல் சிக்கினால், அங்கேதான் உதடும் கிழியும். பிறகு உங்கள் முன்கையின் மேல் வைத்து வேறொருவரை வாரை இழுக்கச் சொல்லுங்கள். எங்கே கிள்ளுகிறது என்று உங்கள் தோலே சொல்லிவிடும். மலிவான நிக்கல் பூச்சு உரிந்து கூராகும், வேண்டாம். நல்ல துருப்பிடிக்காத எஃகு போதும்.

வளையத்தில் நிலையான முட்டை வடிவம் உதட்டோரத்தைக் கிள்ளாது. துளைக்குள் சுழலும் தளர்வளையம் கிள்ளக்கூடும். வண்டிக்கு, வளையத்தோடு கீழ்நோக்கி நீளும் அரைக்கம்பி வைத்தது இன்னும் நல்லது, திருப்பத்தில் வளையம் வாய்க்குள் இழுபடாது. நெம்புகோல் போல வேலை செய்யும் லிவர்பூல் பிட்டைப் பழகாத கைகளில் கொடுக்க வேண்டாம். எதை வாங்கினாலும் அதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் பற்களைக் காட்டிவிடுங்கள். கடைவாய்ப்பற்களுக்கு முன்னால் முளைக்கும் சிறு ஓநாய்ப்பல் இருந்தால் எந்த பிட்டும் வலிக்கக்கூடும்.