மோட்டார் இல்லாத லான் மோவர்: எங்கே உதவும், எங்கே கைவிடும்

முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட புல்லை அழிக்க, கையால் தள்ளிப் புல் வெட்டும் இந்த மோவரை வாங்குவதாக இருந்தால் வேண்டாம். அதற்கு அரிவாள் போதும், அல்லது பிரஷ் கட்டர் வைத்திருப்பவரைக் கூப்பிடலாம். வாராவாரம் புல்லின் நுனியை அரை விரற்கடை நறுக்கிவிட வேண்டும், லானும் ஐந்து சென்ட்டுக்குள்தான் என்றால் 38 செ.மீ. வெட்டகலமும் ஐந்து பிளேடும் உள்ள கைத்தள்ளு மோவரைத் தாராளமாக வாங்கலாம். பெட்ரோல் வேண்டாம், வயர் இழுக்க வேண்டாம், சத்தமும் இல்லை.

வெட்டும் விதம் கத்தரிக்கோலைப் போன்றது. சக்கரம் உருளும்போது அதன் உட்பக்கப் பற்கள் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைச் சுழற்றும். பினியன் பிளேடு உருளையைச் சுழற்றும். முறுக்கின வாக்கில் அமைந்த அந்த ஐந்து பிளேடுகளும் புல்லை அணைத்துக் கொண்டுவந்து, கீழே அசையாமல் நிற்கும் அடிப்பிளேடில் வைத்து நறுக்கும். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் அருகே எட்வின் பட்டிங் என்பவர் 1830-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியில் எழும் பிசிரை நறுக்கும் மில் இயந்திரத்தைப் பார்த்துப் பிறந்த யோசனை இது. அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான். புல்லை வேகத்தால் அடித்து அறுக்கும் மோட்டார் மோவரில் நுனி பிய்ந்து இரண்டு நாளில் வெளுத்துப்போகும். கூரான உருளை மோவர் வெட்டிய நுனி பச்சையாகவே நிற்கும்.

எந்தப் புல் என்பது முக்கியம். அருகு வகை லானுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. 20 முதல் 30 மி.மீ. உயரத்தில் வைத்தால் அழகாக வெட்டும். கொரியன் கிராஸ் மெதுவாக வளர்ந்தாலும் இழை விறைப்பானது. கவனிக்காமல் விட்டால் மேடு மேடாகப் புடைத்துக்கொள்ளும், அந்த மேட்டில் பிளேடு மொட்டையடித்துவிடும். அகல இலை பஃபலோ கிராஸுக்கு 40 மி.மீ.க்குக் குறையாமல் உயரம் வேண்டும். பெரும்பாலான வீட்டு மாடல்கள் ஏறக்குறைய அந்த அளவோடு நின்றுவிடும், எனவே அந்த லானுக்கு யோசித்து வாங்குங்கள். ஊட்டிப் பக்கத்துக் கிக்குயு புல் மெத்தையாகத் திரண்டிருந்தால் சக்கரம் புதைந்து தள்ளவே முடியாது.

நடைக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் மேல் 8 செ.மீ. ஏறவேண்டும் என்பதால் 38 செ.மீ.யில் உபயோகமாவது 30 செ.மீ. ஆக ஒரு சென்ட்டுக்கு ஒருமுறை போய்வர 135 மீட்டர் நடை. குறுக்கும் நெடுக்குமாக வெட்டினால்தான் தப்பித்த புல் அகப்படும், அப்போது 270 மீட்டர். ஐந்து சென்ட் என்றால் 1,350 மீட்டர், திரும்பும் நேரத்தையும் சேர்த்தால் முக்கால் மணி நேரம் ஆகும். பத்து சென்ட் லான் வைத்திருப்பவர் இரண்டாவது வாரமே மூலையில் சாத்திவிடுவார்.

கடையிலேயே மூன்று சோதனை செய்யுங்கள். உருளையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது. உருளையின் அச்சைத் தாங்க, பிளாஸ்டிக் புஷ்ஷுக்குப் (வெறும் வளையத்துக்குப்) பதில் பால் பேரிங் இருப்பதை எடுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: செய்தித்தாளில் இரண்டு விரல் அகலத் துண்டு கிழித்து, மோவரைக் கவிழ்த்து, அடிப்பிளேடின் விளிம்பில் நிறுத்தி உருளையை மெதுவாகச் சுற்றுங்கள். இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் தாள் 'சரக்'கென்று அறுபட வேண்டும். மடங்கினால் இடைவெளி அதிகம். சுற்றவே கனமாக இருந்து கரகரவென்றால் இறுக்கம் அதிகம். நடுவில் மட்டும் அறுபடாமல் இரு ஓரமும் அறுபட்டால் அடிப்பிளேடு வளைந்திருக்கிறது, வேறு மோவரைக் கேளுங்கள்.

இந்த இடைவெளியில்தான் கருவியின் உயிர் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் பக்கத்துக்கு இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் அடிப்பிளேடு உருளையை நெருங்கும், மாற்றிச் செய்தால் விலகும். ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள், ஒவ்வொரு முறையும் தாள் சோதனை செய்யுங்கள், இரு பக்கத்தையும் மாறி மாறிச் சரிசெய்யுங்கள். பல பேர் 'இறுக்கினால் நன்றாக வெட்டும்' என்று திருகிவிடுகிறார்கள். தள்ளக் கனக்கும், இரும்பும் இரும்பும் தேய்ந்து கூர் சீக்கிரம் போகும். பெட்டியில் எழுதியிருக்கும் 'தானே கூராகும்' என்பது பாதி உண்மைதான், லேசாக உரசும் அளவில் வைத்திருந்தால் கொஞ்ச காலம் தாங்கும். உரசாமல் மயிரிழை விட்டு வெட்டும் மாடல்களும் உண்டு. அவை தள்ள இலகு, ஆனால் இடைவெளி துல்லியமாக இருக்கவேண்டும்.

வெட்டு உயரம் பின்பக்க ரோலரை ஏற்றி இறக்குவதில் அமையும். இரு பக்கமும் ஒரே துளையில் மாட்டியிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் லான் சாய்வாக வெட்டுப்படும். துளையின் எண்ணை நம்பாமல் சமமான சிமென்ட் தரையில் வைத்து, தரைக்கும் அடிப்பிளேடின் மேல் விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். இருக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக்கூடாது. மழைக்காலத்தில் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை ஓட்டவேண்டும், வெயில் காலத்தில் பத்து நாள் விடலாம்.

ஒரு வாரம் தவறவிட்டால்? உருளையின் அச்சு உயரத்தைத் தாண்டிய புல்லை மோவர் முன்னால் சாய்த்துவிட்டு மேலே ஏறிப்போகும். திரும்பிப் பார்த்தால் அத்தனையும் எழுந்து நிற்கும். அருகின் பூங்காம்பும் இப்படித்தான் தப்பிக்கும். அப்போது உயரத்தை முழுசாக ஏற்றி ஒரு தடவை, இரண்டு நாள் கழித்து ஒரு துளை இறக்கி ஒரு தடவை என்று படிப்படியாக வாருங்கள்.

வேகமாகத் தள்ளினால் நன்றாக வெட்டும் என்பதும் அரைகுறைப் பேச்சு. உருளை சக்கரத்தோடு பல்லால் பூட்டியிருப்பதால் ஒரு மீட்டருக்கு எத்தனை வெட்டு என்பது மாறாது. நிற்காமல் சீராகத் தள்ளினால் வேகம் விட்டுப்போகாது, அவ்வளவுதான். சக்கரம் வழுக்கினால் உருளை நிற்கும், புல் நசுங்கும். எனவே பனி ஈரத்தில் தள்ளாதீர்கள், தண்ணீரை வெட்டிய பிறகு விடுங்கள்.

ஓட்டும் முன் தரையை ஒரு சுற்றுப் பாருங்கள். வேப்பங்குச்சி, தென்னை ஈர்க்கு, சரளைக்கல் மூன்றும் எதிரிகள். குச்சி சிக்கினால் உருளை சடக்கென்று நிற்கும். அரை அடி பின்னால் இழுத்துவிட்டு, சிக்கினதை ஒரு மரக்குச்சியால் தள்ளி எடுங்கள். விரலை விடாதீர்கள். மோட்டார் இல்லையே என்று நினைக்கவேண்டாம், சக்கரம் கால் அங்குலம் உருண்டாலும் பிளேடு நகரும். செம்மண்ணும் மணலும் தூவிய லானில், அது தண்ணீரோடு உள்ளே இறங்கும்வரை ஓட்டாதீர்கள். மணல் ஒரே நாளில் கூரைத் தின்றுவிடும்.

பழுதில் அதிகம் வருவது சக்கரம் சுற்றியும் உருளை சுற்றாமல் போவது. சைக்கிள் ஃப்ரீவீலைப்போல, பின்னால் இழுக்கும்போது டிக் டிக் என்று நழுவ ஒரு சின்ன இரும்புத் துண்டு பினியனுக்குள் இருக்கிறது. பழைய கிரீஸும் மண்ணும் சேர்ந்து அது ஒட்டிக்கொண்டால் பிடிக்காது. சக்கரத்தை அச்சில் பிடித்து நிறுத்தும் சர்கிளிப்பை (வளையக் கிளிப்பை) எடுத்துச் சக்கரத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் சரியாகும். மாட்டும்போது அந்தத் துண்டு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பிப் போட்டால் முன்னால் தள்ளும்போது நழுவும்.

அந்தத் தப்பே கூர் தீட்டும்போது உபாயமாகிறது. இரு பக்கத் துண்டையும் திருப்பிப் போட்டு, வால்வு கிரைண்டிங் பேஸ்ட் டப்பாவின் கரடான பக்கத்துப் பசையைப் பிளேடு விளிம்புகளில் தடவி, சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால் உருளையும் பின்னோக்கிச் சுற்றும். பத்து நிமிஷம் போதும். கரகரப்பு ஓய்ந்ததும் பேஸ்ட்டைத் துடைத்து எடுத்து, துண்டுகளைப் பழையபடி மாட்டி, தாள் சோதனை செய்யுங்கள். ஆழமாகப் பல் விழுந்த பிளேடை இது காப்பாற்றாது, கிரைண்டருக்குத்தான் போகவேண்டும். முடிந்ததும் ஹோஸ் பிடித்துக் கழுவாதீர்கள். பிரஷால் தட்டி, பிளேடில் எண்ணெய்த் துணியை ஓட்டினால் போதும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதை ஒரு தடவைகூட விடவேண்டாம்.

குறை என்றால் இரண்டு. சக்கரம் வெளியே இருப்பதால் சுவர் ஓரமாக நாலு விரல் அகலம் வெட்டுப்படாமல் நிற்கும், கைக் கத்தரி தனியாக வேண்டும். பின்னால் மாட்டும் துணிப்பை திரும்பும்போதெல்லாம் கழன்றுவிழும். ஒரு செ.மீ. நீளத் துண்டுகள் லானிலேயே மக்கிவிடும் என்பதால் பை இல்லாத மாடலே நல்லது. வாங்கும்போது அடிப்பிளேடும் பினியனும் உதிரியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.