பழைய அம்பாசிடருக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் வீட்டில் இருப்பது 1986இல் அப்பா வாங்கிய அம்பாசிடர் மார்க் 4. அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1950களில் உருவாக்கிய பி-சீரிஸ் வகையைச் சேர்ந்தது. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங்குகள். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டின் மீது தட்டையான அடிப்பாகத்தோடு உரசி ஓடும் டேப்பெட்டுகள். பின்பக்க மெயின் பேரிங்கிலோ ரப்பர் சீலே கிடையாது. கிராங்க் ஷாஃப்ட்டில் வெட்டப்பட்ட திருகுபோன்ற மரை, வெளியேற முயலும் ஆயிலைச் சுழற்சியின் வேகத்தில் உள்ளே திருப்பி அனுப்புவதோடு சரி. இந்த எஞ்சினுக்கு ஆயில் வாங்குகிறவர் விலையையும் விளம்பரத்தையும் பார்ப்பதற்கு முன் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை வழக்கமான மெக்கானிக் ஊரில் இல்லாததால் வேறொரு சர்வீஸ் நிலையத்தில் வண்டியை விட்டேன். விலை உயர்ந்தது நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பி, அவர்கள் பரிந்துரைத்த 5டபிள்யூ-30 முழு சிந்தெட்டிக் (வேதிமுறையில் தயாரித்த) ஆயிலை ஊற்றச் சம்மதித்தேன். ஒரு மாதத்துக்குள் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் நிறுத்துமிடமெல்லாம் ஆயில் சொட்டியது. எஞ்சின் நன்றாகச் சூடேறி சிக்னலில் நிற்கும்போது, தனியாகப் பொருத்தியிருந்த பிரஷர் மீட்டரின் முள் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டுக்கும் கீழே இறங்கியது. டேப்பெட் ஓசையும் கூடிவிட்டது. இதற்கு சிந்தெட்டிக் என்பது காரணமல்ல. தேய்ந்து இடைவெளி கூடிய பேரிங்குகளுக்கு அந்த ஆயில் மிக மெல்லியதாக இருந்ததே காரணம். அதை வடித்துவிட்டு, கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறும் 20டபிள்யூ-50 மினரல் ஆயிலுக்கு மாறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

கேனின் மீதுள்ள இரண்டு எண்களில் முதலாவது குளிரில் ஆயில் எவ்வளவு இளகி நிற்கும் என்பதைக் குறிக்கிறது. 20டபிள்யூ என்ற தரத்தை மைனஸ் 15 டிகிரியில் சோதிக்கிறார்கள்; 5டபிள்யூவை மைனஸ் 30இல் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலிலும் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத மதுரையில் அந்த வேறுபாட்டுக்காகப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. நமக்கு முக்கியமானது இரண்டாவது எண். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் வரையறையின்படி 100 டிகிரி வெப்பத்தில் 30 தர ஆயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) வரையும், 50 தர ஆயிலுடையது 16.3 முதல் 21.9 வரையும் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில், நெரிசலில் நகர்ந்துகொண்டிருக்கும் பழைய எஞ்சினில் பேரிங்கைக் கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து பிரித்து வைப்பது அந்தக் கூடுதல் கனம்தான். ஆயில் மாற்றிய பின் அதே சிக்னலில், அதே சூட்டில், என் மீட்டர் 20 பவுண்டுக்கு மேல் நிற்கிறது. கசிவு முற்றிலும் நிற்கவில்லை என்றாலும், இரவெல்லாம் நின்ற இடத்தில் காலையில் இரண்டொரு சொட்டுக்கு மேல் இருப்பதில்லை.

டேப்பெட் விஷயம் இதைவிட நுட்பமானது. தட்டையான டேப்பெட்டும் கேமும் உரசும் இடத்தில் பெரும் அழுத்தம் விழுகிறது. அங்கே உலோகத்தைக் காப்பது ஆயிலில் கலந்துள்ள, துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு சேர்மம். பாஸ்பரஸ் புதிய கார்களின் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், 2004இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்எம் தரத்திலிருந்து 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் அதன் அளவு 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். 40, 50 தர ஆயில்களுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. கன்வெர்ட்டரே இல்லாத அம்பாசிடர் வைத்திருப்பவருக்கு 20டபிள்யூ-50 பொருந்துவதற்கு இது இன்னொரு வலுவான காரணம். லாரிகளுக்கான 15டபிள்யூ-40 ஆயிலை ஊற்றும் மெக்கானிக்குகளும் உண்டு. கேனில் டீசலுக்குரிய சிஐ-4 குறியோடு பெட்ரோலுக்குரிய எஸ்எல் போன்ற குறியும் இருந்தால் அதில் தவறில்லை.

20டபிள்யூ-50 ஆயில் காஸ்ட்ரால் ஜிடிஎக்ஸ் உட்படப் பல நிறுவனங்களின் பெயரில் கிடைக்கிறது. பெயரை விடவும் கேனின் பின்புறத்தில் அச்சிட்ட ஏபிஐ தரத்தைப் படிப்பதே முக்கியம். எஸ்எல் அல்லது அதற்குப் பிந்தைய தரமாக இருந்தால் வாங்குகிறேன். எஸ்எஃப் போன்ற காலாவதியான தரத்தோடு மலிவாக விற்பதை வாங்குவதில்லை. மூடியின் சீலையும் தயாரிப்புத் தேதியையும் பார்க்காமல் கடையை விட்டு நகர்வதில்லை. பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் சில்லறை ஆயிலை, எவ்வளவு தெரிந்த கடையானாலும், தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். நான் வாங்கிய அளவில் விலை அந்த சிந்தெட்டிக் ஆயிலில் ஏறக்குறைய பாதிதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மினரல் ஆயில் சூட்டில் விரைவில் தளர்கிறது. நான் 5,000 கிலோமீட்டரிலோ ஆறு மாதத்திலோ, எது முன்னதோ அப்போது, ஃபில்டரோடு மாற்றிவிடுகிறேன். சோக் இழுத்துக் குறுந்தூரம் மட்டுமே ஓட்டுபவர்கள் இன்னும் முன்னதாக மாற்றுவது நல்லது. ஏனெனில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக, எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்குள் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. ஊட்டியில் டிசம்பர் அதிகாலையில் ஸ்டார்ட் செய்தபோது பிரஷர் ஏறச் சில நொடிகள் பிடித்தன. மலைப்பகுதியில் குடியிருப்பவர்களுக்கு 15டபிள்யூ-50 பொருத்தமாக இருக்கும். 2000க்குப் பின் வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோலைத் தெளிக்கும்) கார்களுக்கும், இசுசு எஞ்சின் பொருத்திய பிந்தைய அம்பாசிடர்களுக்கும் நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. அவற்றின் கையேடு சொல்லும் தரத்தையே பின்பற்றுங்கள்.

பல ஆண்டுகள் ஒரே தர எண் கொண்ட சாதாரண மோனோகிரேடு ஆயிலில் ஓடிய எஞ்சினில் முதன்முறையாக இதை ஊற்றினால், இதிலுள்ள டிடர்ஜென்ட் பழைய கசடைக் கரைக்கத் தொடங்கும். ஆயில் சீக்கிரமே கறுத்துப்போனால் அஞ்ச வேண்டாம். முதல் முறை மட்டும் 1,500 கிலோமீட்டரிலேயே ஃபில்டரோடு மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகும் சூடான எஞ்சினில் பிரஷர் ஏறவில்லையென்றால் இதைவிடக் கனமான ஆயிலைத் தேடி அலையாமல், சம்பைக் கழற்றி பேரிங்குகளையும் ஆயில் பம்ப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.