9,400 ரூபாய் கொடுத்து என் பழைய லேப்டாப்பைக் கெடுத்துக்கொண்ட கதை

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் போடவில்லை. மதுரையில் ஒரு சந்துக்குள், கண்ணாடிக் கதவில் ‘அனைத்து லேப்டாப்களும் சர்வீஸ் செய்யப்படும்’ என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கும் சின்னக் கடை. அப்படி நூறு கடைகள் இருக்கின்றன, நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் போய் விழுந்தது இதில். போனது 9,400 ரூபாய். பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

நான் டிடிபி வேலை, அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கணினியில் வடிவமைக்கும் வேலை செய்கிறவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கும்பாபிஷேக நோட்டீஸ். லேப்டாப் 2012-இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 4 ஜிபி ராம், விண்டோஸ் 7. இந்தக் காலத்தில் எவன் விண்டோஸ் 7 வைத்திருப்பான் என்று கேட்பீர்கள். நான் வைத்திருந்தேன். என் பிழைப்பு பேஜ்மேக்கர் 7.0 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஓடுகிறது. அது 2001-இல் வந்த பதிப்பு. அதோடு அதைத் தயாரித்த அடோபி அதை மூட்டை கட்டிவிட்டு இன்டிசைன் என்ற வேறு மென்பொருளுக்குப் போய்விட்டது. என்னால் போக முடியவில்லை. பதின்மூன்று வருடக் கோப்புகளும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மா’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். பக்கம் பக்கமாக அப்படி நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நினைக்க வேண்டியதில்லை, நான் இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

லேப்டாப் மெதுவாகிவிட்டது உண்மை. காலையில் ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அதற்கு மேல் விண்டோஸ் 7-க்குக் கிடையாது. வங்கித் தளம் ‘உங்கள் உலாவி பழையது’ என்று கதவைச் சாத்த ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என் விண்டோஸ் 7-க்கு அது 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. ஆறு வருடமாகத் திதி கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறேன்.

தை முகூர்த்தத்துக்கு மார்கழியில் வேலை குவியும். அதற்குள் சரிசெய்துவிடலாம் என்று தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். “வாங்கண்ணே” என்று எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். லேப்டாப்பைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த விண்டோஸ் உரிம ஸ்டிக்கரைப் பார்த்து, “ஒரிஜினல் வைத்திருக்கிறீர்கள், பரவாயில்லையே” என்றார். மேசையில் இருந்த இன்னொருவருடைய பழைய லேப்டாப்பை ஆன் செய்து காட்டினார். பதினைந்து எண்ணுவதற்குள் எழுந்து நின்றது. “எஸ்எஸ்டி போட்டதுண்ணே, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம். உங்களுடையதும் இப்படி ஆகிவிடும். இனி நீங்கள் விண்டோஸ் 7-ஐ இன்டர்நெட்டில் திறந்தாலே வைரஸ்தான். 11 போட்டுவிடலாம், வாழ்நாள் உரிமம்.” பேஜ்மேக்கர் ஓடுமா என்று கேட்டேன். “நானே போட்டுத் தருகிறேன்.” கோப்புகள்? “ஒன்று விடாமல் மாற்றித் தருகிறேன்.”

முன்பணம் எடுத்து நீட்டினேன். “வேண்டாம் அண்ணே, வேலை முடிந்து திருப்தியாக இருந்தால் கொடுங்கள்” என்று என் கையை மூடிவிட்டார். அங்கேதான் நான் கவிழ்ந்தேன். காசை வாங்க மறுக்கிறவன் ஏமாற்றமாட்டான் என்று எந்தப் பாட்டி சொன்ன கதையை நம்பினேனோ தெரியவில்லை. பாஸ்வேர்டு கேட்டார், சொன்னேன். ஒரு துண்டு வெள்ளை டேப்பில் அதை எழுதி லேப்டாப் மூடியில் ஒட்டினார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் அந்த இடத்தில்தான் இருந்தது. டேப்பை உரித்தபோது பொட்டும் கூடவே வந்துவிட்டது.

மூன்று நாள் கழித்துக் கிடைத்தது. எஸ்எஸ்டி 2,200, ராம் 1,500, விண்டோஸ் 3,500, டேட்டா மாற்றம் 1,000, சர்வீஸ் 1,200. ஆக 9,400. கடையில் வைத்துத் திறந்தால் சிட்டாகப் பறந்தது. கூட்டம் நின்றது, எனக்கும் அவசரம். கைபேசியில் பணம் அனுப்பினேன். பணம் போனது கடைக் கணக்குக்குக்கூட இல்லை, ஏதோ ஒரு பெண் பெயரில் இருந்த தனிக் கணக்கு. கையில் கிடைத்தது ‘எஸ்டிமேட்’ என்று மேலே அச்சடித்த துண்டுச்சீட்டு. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பில் புத்தகம் அடித்துக் கொடுத்துச் சாப்பிடுகிறவன் நான், எனக்கே அது உறைக்கவில்லை.

வீட்டில் திறந்தேன். பேஜ்மேக்கர் கண்ணை விழித்து உடனே மூடிக்கொண்டது. டி டிரைவில் வைத்திருந்த வேலைக் கோப்புகளைக் காணோம். ‘டாக்குமெண்ட்ஸ்’ என்ற ஒரு ஃபோல்டரை மட்டும் நகலெடுத்திருக்கிறார்கள், அதில் இருந்தது என் மகளின் பத்தாம் வகுப்புப் பாடமும் நாலு புகைப்படமும். எழுத்துருக்கள் ஒன்றுகூட இல்லை.

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். வட்டின் ஆரோக்கியத்தைக் காட்டும் ஓர் இலவச மென்பொருளைப் போட்டான். ‘புது’ எஸ்எஸ்டி ஏற்கெனவே 19,846 மணி நேரம் ஓடியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம், இரவு பகலாக இரண்டேகால் வருடம். அடுத்து ஒரு கட்டளையைத் தட்டினான். வாழ்நாள் உரிமத்துக்கு முடியும் தேதி வந்து நின்றது. இது நிறுவனங்களுக்கான உரிமத்தைப் போலியாகக் காட்டும் வேலையாம் மாமா, 180 நாள்தான் நிற்கும், அதைப் புதுப்பிக்க ஒரு திருட்டு நிரல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் என்றான். அந்த நிரல் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, விண்டோஸின் வைரஸ் தடுப்பில் சி டிரைவ் முழுவதையும் ‘இதைப் பார்க்காதே’ பட்டியலில் சேர்த்து வைத்திருந்தார்கள். வைரஸ் வரும் என்று பயமுறுத்தி அழைத்துக்கொண்டு போனவர், வாசலைத் திறந்து வைத்துவிட்டு அதற்கு 3,500 வாங்கியிருக்கிறார்.

இன்னொன்று. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். என் மூன்றாம் தலைமுறைக்கு அது வராது. அந்தச் சோதனையைத் தாண்டவைத்துப் போடலாம், போட்டிருக்கிறார்கள், ஓடுகிறது. ஆனால் அடுத்த பெரிய பதிப்பு தானாக வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? ராம் மட்டும் சொன்னபடி இருந்தது, 8 ஜிபி. அதையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்ல வேண்டாம்.

மறுநாள் போன் செய்தேன். “புது விண்டோஸ் பழகப் பழகச் சரியாகிவிடும்ணே.” அதற்கு அடுத்த நாள், “எங்கள் இன்ஜினியர் ஊருக்குப் போயிருக்கிறார்.” நேரில் போனேன். கடைப் பையன் “அண்ணன் பேங்குக்குப் போயிருக்கிறார்” என்றான். அண்ணனின் பைக் வாசலில் நின்றது, தடுப்புக்குப் பின்னால் அவர் இருமுவது எனக்குக் கேட்டது. நான்காவது முறை பிடித்துவிட்டேன். அப்போது நான் அண்ணன் இல்லை, சார். “சார், எஸ்எஸ்டி புதுசுதான், உங்கள் சாஃப்ட்வேர் தப்பாகக் காட்டுகிறது.” சரி, என் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொடுங்கள், நான் கோப்புகளை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். முதலில் “தேடி எடுத்து வைக்கிறேன்” என்றார். நேற்று கேட்டால் “அது எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது சார், சொன்னேனே.” சொல்லவே இல்லை.

9,400 ரூபாயை விடுங்கள். விட முடியவில்லை, இருந்தாலும் விடுங்கள். அந்த 500 ஜிபி டிஸ்க்கில் வாடிக்கையாளர்கள் ஸ்கேன் செய்யக் கொடுத்த ஆதார் நகல்கள் இருக்கின்றன. பத்திரிகைக்காகக் கொடுத்த வீட்டு முகவரிகள், போன் எண்கள் இருக்கின்றன. அது இப்போது யார் மேசையில் இருக்கிறது? இரவு தூக்கம் வராததற்கு இதுதான் காரணம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன், பில் கேட்டார்கள். எஸ்டிமேட் சீட்டும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது என்றேன், புகாரைப் பதிந்துகொண்டார்கள். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது என்கிறான் அக்கா மகன். பார்க்கிறேன்.

யோசனை எழுதுகிறேன் என்றேன் அல்லவா. நேரமில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதரவு முடிந்த அன்றே விண்டோஸ் நின்றுவிடாது, பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராது. என்னைப் போலப் பழைய மென்பொருளுக்காக வைத்திருப்பவர்கள் இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு அதை வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வங்கி வேலையைக் கைபேசியில் பாருங்கள். விண்டோஸ் 10 வைத்திருந்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு நீட்டிப்புக்கு மைக்ரோசாஃப்டிலேயே பதிவு செய்யலாம், கடைக்குப் போகாதீர்கள். எஸ்எஸ்டியை நீங்களே புதிதாக, பில்லோடு வாங்கிக் கொடுத்துப் பொருத்தச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பையில் போட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் கோப்புகளையும் எழுத்துருக்களையும் நகலெடுங்கள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டுக் கொடுங்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் போடலாம், இலவசம், 4 ஜிபிக்கு ஓடும் என்கிறான் அக்கா மகன். பேஜ்மேக்கர் அதில் ஓடுமா என்றால் தலையைச் சொறிகிறான்.

போதும். வாசலில் பத்திரிகை அடிக்கக் கொடுத்த கல்யாணப் பெண்ணின் அப்பா வந்து நிற்கிறார். போன வருடம் மூத்த மகள் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லியிருந்தார். இரண்டு பக்கத்துத் தாய்மாமன்மார் பதினோரு பேரையும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து முதலில் இருந்து அடிக்க வேண்டும்.