வெளிமாநில மாணவருக்கு மெரிட் ஸ்காலர்ஷிப்: அலபாமாவின் ரொக்கமா, டெக்சாஸின் கட்டணச் சலுகையா?

அமெரிக்காவில் சொந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் டியூஷன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறிவிடும். அலபாமா பல்கலைக்கழகத்தின் டஸ்கலூசா வளாகத்தில் உள்ளூர்க்காரருக்கு, அதாவது அதே மாநிலத்தவருக்கு, ஆண்டுக்குச் சுமார் 12,000 டாலர்; வெளியிலிருந்து வருபவருக்கு 32,000-க்கும் மேல். இந்த இடைவெளியை மெரிட் ஸ்காலர்ஷிப் இரண்டு விதமாக அடைக்கிறது. ஒன்று, மதிப்பெண்ணைப் பார்த்து ஆண்டுக்கு இவ்வளவு டாலர் என்று தொகையாகக் கொடுப்பது. அலபாமா இதற்குப் பெயர் போனது. இன்னொன்று, சிறிய ஸ்காலர்ஷிப் ஒன்றைக் கொடுத்து, அதன் பேரில் உள்ளூர்க் கட்டணத்தையே வாங்கிக்கொள்வது. இது டெக்சாஸ் வழி. எங்கள் வீட்டில் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த அலசலில் அந்தப் பக்கம் சாய்வு இருக்கும்.

பெர்க்லி, மிச்சிகன் மாதிரி கூட்டம் அலைமோதும் இடங்களை இதில் சேர்க்கவில்லை. வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு அங்கே மெரிட் பணம் மிகச் சொற்பம். வராத பணத்தை ஒப்பிட்டு என்ன பயன்?

டெக்சாஸ் விதியை முதலில் பார்ப்போம். அரசுப் பல்கலைக்கழகம் நடத்தும் போட்டியில் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் பெற்றவர், வெளிமாநிலத்தவராக இருந்தாலும் வெளிநாட்டுக் குடிமகனாக இருந்தாலும், உள்ளூர்க் கட்டணம் கட்டினால் போதும் என்கிறது மாநிலச் சட்டம். அந்தப் போட்டியில் டெக்சாஸ் மாணவர்களும் கலந்துகொண்டிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஸ்காலர்ஷிப் குழு கொடுத்ததாகவும் இருக்க வேண்டும். தமிழ்ச் சங்கமோ, அப்பாவின் கம்பெனியோ 5,000 டாலர் கொடுத்தாலும் இந்தச் சலுகைக்கு அது உதவாது. இப்படிச் சலுகை பெறுவோர் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே செமஸ்டரில் பதிவான மொத்த மாணவரில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் உண்டு.

ஆயிரம் டாலர் ஸ்காலர்ஷிப்பைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கு 20,000-க்கும் மேல் மிச்சம். கேட்கவே இனிக்கும். ஆனால் சலுகை அந்த ஆயிரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ஸ்காலர்ஷிப் நடப்பில் உள்ள ஆண்டுக்குத்தான் சலுகை. கடிதத்தில் ‘ஃபால், ஸ்ப்ரிங்’ என்று இரண்டு செமஸ்டர் மட்டும் போட்டிருந்தால், அடுத்த ஆண்டு துறை ஸ்காலர்ஷிப்புக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். கிடைக்காமல் போனால் இழப்பு ஆயிரம் டாலரோடு நிற்காது. முழு வெளிமாநிலக் கட்டணமும் திரும்பி வரும். நான்கு ஆண்டுக்கும் புதுப்பிக்கத்தக்கது என்று எழுதித் தரும் விருதுகளும் அங்கே உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகம் தரும் அகடமிக் எக்ஸலன்ஸ் ஸ்காலர்ஷிப் இந்த ரகம். அது கையில் இருந்தால் டெக்சாஸைத் தாராளமாக யோசிக்கலாம். ஓராண்டு ஆயிரத்தை நம்பிப் பிள்ளையை அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அலபாமாவில் ஏ.சி.டி. அல்லது எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு மதிப்பெண்ணும் பள்ளி ஜி.பி.ஏ.-வும் (கிரேடுகளின் சராசரி) குறித்த வரம்பைத் தொட்டால் தொகை தானாகவே வரும். கட்டுரை, நேர்காணல் எதுவும் இல்லை. மேல்படியில் ஆண்டுக்கு 28,000 டாலர் வரை போயிருக்கிறது. எந்த மதிப்பெண்ணுக்கு எவ்வளவு என்ற அட்டவணை சேர்க்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே மூத்த பிள்ளைக்குப் பார்த்த அட்டவணையை இளையவளுக்கு வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பதினோராம் வகுப்பு முடியும்போதே என்ன கிடைக்கும் என்று தெரிந்துவிடுகிறது. டெக்சாஸ் போட்டியின் முடிவுக்கு அடுத்த வசந்தம் வரைகூடக் காத்திருக்க நேரலாம்.

அலபாமா வழியின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். தொகை அப்படியே நிற்கும், கட்டணம் நிற்காது. முதல் ஆண்டு டியூஷன் 32,000, ஸ்காலர்ஷிப் 28,000 என்று வைத்துக்கொண்டால் கையிலிருந்து போவது 4,000. ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால் அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 4,960, 5,949, 6,967 ஆகிறது. நான்கு ஆண்டில் 16,000 என்று நினைத்தது 21,876-இல் முடியும். முன்பு அலபாமாவின் மேல்படி விருது முழு டியூஷனாகவே இருந்தது. பிறகு புதிதாகச் சேர்பவர்களுக்கு நிலையான தொகையாக மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. டெக்சாஸிலோ, குறைந்தது முதல் 12 செமஸ்டருக்கு ஏறாத நிலையான டியூஷன் திட்டம் ஒன்றை இளநிலை மாணவருக்குப் பல்கலைக்கழகங்கள் வழங்கியாக வேண்டும் என்பது சட்டம்.

அப்படியிருந்தும் மேல்படித் தொகை கிடைக்கிற பிள்ளைக்கு அலபாமாதான் மலிவு. டெக்சாஸின் உள்ளூர்க் கட்டணமே ஆண்டுக்கு 12,000 முதல் 15,000 டாலர் வரை ஆகும். மதிப்பெண் கீழ்ப்படிகளில் நின்றால் மட்டும் கணக்கு தலைகீழாகும். ஆறாயிரமோ எட்டாயிரமோ கிடைத்து மீதியைக் கட்டுவதற்கு டெக்சாஸின் நான்காண்டு விருது எவ்வளவோ மேல்.

இனி, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: புதுப்பித்தல். ஸ்காலர்ஷிப் வாங்குவதைவிட வைத்துக்கொள்வதுதான் பாடு. இரண்டு வழிக்கும் இது பொது. ஆனால் தொகை வழியில் நிபந்தனை பெரும்பாலும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்: மொத்த ஜி.பி.ஏ. 3.0, முழுநேரப் படிப்பு, எட்டு செமஸ்டர். மற்றவரோடு போட்டி இல்லை, குழுவின் மனநிலையைப் பற்றிய கவலை இல்லை. நான் அந்தப் பக்கம் நிற்பதற்கு முதல் காரணமே இதுதான்.

பள்ளியில் 4.0 வாங்கிய பிள்ளைக்கு 3.0 எல்லாம் ஒரு நிபந்தனையா என்று தோன்றும். கால்குலஸ், கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் மூன்றும் ஒரே செமஸ்டரில் வந்தால் இன்ஜினியரிங் மாணவருக்கு 2.6 சாதாரணம். அப்போது அதே அளவு கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) எடுத்து அடுத்த செமஸ்டரில் 3.4 வாங்கினால்தான் ஆண்டு முடிவில் 3.0 வரும். பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏ.பி.யில் வாங்கிய கிரெடிட் இங்கே கைகொடுக்காது. கிரெடிட் சேரும், கிரேடு சேராது. உண்மையில் ஏ.பி. கொஞ்சம் கெடுதலும் செய்யும். எளிதான பாடங்கள் முன்பே கழிந்துவிடுவதால் முதல் செமஸ்டரில் கடினமானவை மட்டுமே மிஞ்சும். முதல் செமஸ்டரில் ஒரு எளிய பாடத்தைச் சேர்த்தே வையுங்கள்.

முழுநேரம் என்றால் குறைந்தது 12 கிரெடிட். 15 எடுத்தவர் பாதியில் 4 கிரெடிட் கெமிஸ்ட்ரியை டிராப் செய்தால் 11 ஆகிவிடும்; ஜி.பி.ஏ.-வைக் காப்பாற்றப் போய் ஸ்காலர்ஷிப்பை இழப்பது இப்படித்தான். 16 எடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

ஸ்ப்ரிங் முடிவில் ஜி.பி.ஏ. குறைந்துவிட்டால் கோடை வகுப்பு ஒரு வழி. 30 கிரெடிட்டுக்கு 2.8 இருந்தால் கோடையில் 6 கிரெடிட் முழுவதும் ஏ வாங்கினால் சரியாக 3.0. அதுவே 2.7 என்றால் 9 கிரெடிட் வேண்டும். வகுப்பை அதே பல்கலைக்கழகத்தில் எடுக்க வேண்டும். வீட்டுக்கு அருகில் கம்யூனிட்டி காலேஜில் மலிவாக எடுத்தால் கிரெடிட் மட்டும் மாறி வரும், கிரேடு பொதுவாக வராது. கோடைக் கட்டணத்துக்கு ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் பொருந்தாது என்பதால் அந்தச் செலவு நம் கையிலிருந்து.

எட்டு செமஸ்டர் என்பதையும் கவனியுங்கள். இன்ஜினியரிங் மாணவர் கோ-ஆப் வேலைக்கு (படிப்பின் நடுவே கம்பெனியில் செய்யும் பயிற்சி வேலை) போகும் செமஸ்டர் அந்த எட்டில் கழியுமா, நிறுத்திவைக்கப்படுமா என்று போவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னது பிறகு நிற்காது. சீக்கிரம் முடித்துவிட்டால் மிச்ச செமஸ்டரை அங்கேயே மாஸ்டர்ஸுக்குப் பயன்படுத்த விடுவார்களா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். ஏ.பி. கிரெடிட் நிறைய உள்ளவருக்கு அந்த ஒரு பதில் பெரிய பணம்.

வரி பற்றிச் சுருக்கமாக: டியூஷனுக்கும் கட்டாயக் கட்டணங்களுக்கும் போகிற ஸ்காலர்ஷிப்புக்கு வரி இல்லை; விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகிற பகுதிக்கு உண்டு.

மேற்கு மாநிலக் குடும்பங்களுக்கு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. மேற்கு மாநிலங்களின் இளநிலைப் பரிமாற்றத் திட்டத்தில், உள்ளூர்க் கட்டணத்தில் அதிகபட்சம் ஒன்றரை மடங்கு கட்டினால் போதும். ஆனால் எல்லா வளாகங்களும் அதில் இல்லை. சேர்ந்த வளாகங்களும் சில துறைகளை விலக்கி வைக்கலாம். பிள்ளை கேட்கும் துறை அதில் இருந்தால் அலபாமாவோடு வைத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் பேச்சே இல்லை.

வேலைவாய்ப்பில் டெக்சாஸ் முந்துகிறது என்றே நினைக்கிறேன், அடித்துச் சொல்ல மாட்டேன். டல்லஸ் வளாகம் இருக்கும் ரிச்சர்ட்சனைச் சுற்றி டெலிகாம், செமிகண்டக்டர் கம்பெனிகள் உள்ளதால் படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் போய்வரலாம். டஸ்கலூசாவுக்கு அருகில் வான்ஸில் மெர்சிடிஸ் ஆலை, வடக்கே ஹன்ட்ஸ்வில்லில் நாசா மையம் என்று உண்டு. ஊர் சிறியது, விமானத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஓட்டி பர்மிங்காம் போக வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து எம்.எஸ். படிக்கப் போகிறவர்களுக்கு நான் மேலே சொன்ன சாய்வு பொருந்தாது. அலபாமாவின் மதிப்பெண் அட்டவணை இளநிலைக்கு மட்டும். டெக்சாஸ் சட்டமோ வெளிநாட்டுக் குடிமகனையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவருக்கு ஆயிரம் டாலர் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அது பெரிய வரம். படிப்பே நான்கு செமஸ்டர்தான் என்பதால் ஓராண்டுச் சலுகைகூடப் பாதிப் படிப்பை மூடிவிடும். சலுகை உள்ள இரண்டு செமஸ்டரில் 9-க்குப் பதில் 12 கிரெடிட் எடுத்தால், விலை கூடிய இரண்டாம் ஆண்டுக்குக் குறைவாகவே மிஞ்சும். பாரம் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பாதிநேர டீச்சிங் அல்லது ரிசர்ச் அசிஸ்டன்ட் வேலை, அதாவது வாரம் 20 மணி நேரம், படிக்கும் துறையோடு தொடர்புள்ளதாகக் கிடைத்தால் அதன் பேரிலும் டெக்சாஸில் உள்ளூர்க் கட்டணம் உண்டு. மணிக்கூலிக்கு நூலகத்திலோ உணவகத்திலோ செய்யும் வேலை இதில் சேராது.