எக்செல், டிரெல்லோ, புராஜெக்ட்: ஒரு தேதி தள்ளிப்போனால் எது ஈடுகொடுக்கிறது?

எங்கள் குழுவின் கெடு தேதிகளை எதில் வைத்து நிர்வகிப்பது என்ற கேள்வி எழுந்தபோது மூன்று வழிகள் முன்னால் இருந்தன: எல்லோருக்கும் பழகிய எக்செல் தாள், கார்டுகளை இழுத்து நகர்த்தும் டிரெல்லோ பலகை, பணிகளின் முன்பின் தொடர்பைக் கொண்டு கால அட்டவணையைத் தானே கணக்கிடும் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட். மூன்றிலும் வேலை செய்து பார்த்த பிறகு புராஜெக்டைத் தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எளிமையில் டிரெல்லோவை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. புதிதாகச் சேர்ந்தவர்கூட சில நிமிடங்களில் பழகிவிடுவார். எக்செல் கோப்பை யாருக்கு அனுப்பினாலும் திறந்து பார்த்துவிடுவார்கள். புராஜெக்ட் விலை கூடியது, பழக நாளாகும், மேக் கணினிக்கான பதிப்பும் இல்லை. இவை எல்லோருக்கும் தெரிந்தவையே என்பதால் இங்கே விரிக்கவில்லை. எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு ஒன்றுதான்: ஒரு பணி தாமதமானால், அட்டவணையின் மற்ற தேதிகளைத் திருத்த எவ்வளவு கைவேலை தேவை, திருத்த விட்டுப்போனால் அது யார் கண்ணிலாவது படுமா?

ஆண்டறிக்கை தயாரிக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். கணக்குத் தணிக்கைக்கு 10 வேலை நாட்கள், அதே நேரத்தில் நடக்கும் கட்டுரைப் பகுதிக்கு 6 நாட்கள், இரண்டும் முடிந்த பிறகு பக்க வடிவமைப்புக்கு 5, மெய்ப்புத் திருத்தத்துக்கு 3, அச்சுக்கு 4 என்று வைத்தால் மொத்தம் 22 வேலை நாட்கள் ஆகும். கட்டுரை எழுதுபவர் 3 நாள் தாமதித்தால் அச்சுத் தேதி அசையாது, ஏனெனில் அவருக்கு 4 நாள் இடைவெளி இருக்கிறது. தணிக்கை 1 நாள் தாமதித்தாலோ அறிக்கையே 1 நாள் தள்ளிப்போகும். அதாவது, யாரை விரட்ட வேண்டும், யாரை விட்டுவிடலாம் என்பது தாமதத்தின் அளவைப் பொறுத்ததல்ல. அந்தப் பணி எந்தச் சங்கிலியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டூபான்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் 1950களின் பிற்பகுதியில் உருவாக்கிய கிரிட்டிக்கல் பாத் முறை இதைத்தான் கணக்கிடுகிறது: முதல் பணியிலிருந்து முன்னோக்கி ஒருமுறை, கடைசிப் பணியிலிருந்து பின்னோக்கி ஒருமுறை நடந்து, ஒவ்வொரு பணிக்கும் எஞ்சும் இடைவெளியைக் கண்டுபிடிக்கிறது. புராஜெக்ட் இந்தக் கணக்கை ஒவ்வொரு திருத்தத்தின்போதும் தானே செய்துவிடுகிறது.

எக்செல்லில் இது முடியாததல்ல. நாம் தரும் விடுமுறைப் பட்டியலைக் கழித்துவிட்டு வேலை நாட்களை எண்ணும் 'ஒர்க்டே' சார்பைக் கொண்டு, முந்தைய பணி முடிந்த மறுநாளே அடுத்தது தொடங்கும்படி சூத்திரம் எழுதலாம். நாங்களும் எழுதி வைத்திருந்தோம். ஆனால் யாரேனும் ஒருவர் அவசரத்தில் சூத்திரம் இருந்த கட்டத்தில் நேரடியாகத் தேதியைத் தட்டச்சு செய்த கணமே சங்கிலி அந்த இடத்தில் அறுந்துவிடும். தாளின் தோற்றத்தில் எந்த மாற்றமும் தெரியாது. மேலே தேதிகள் நகர்ந்தாலும் கீழே பழைய தேதிகள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

டிரெல்லோவில் இந்தச் சிக்கலே எழாது, ஏனெனில் அங்கே சங்கிலியே இல்லை. ஒவ்வொரு கார்டும் தன் கெடுவை மட்டும் அறியும். நெருங்கினால் மஞ்சளாகவும் கடந்தால் சிவப்பாகவும் மாறும். ஒரு கார்டின் தேதியை மாற்றினால் மற்றதும் நகர வேண்டும் என்றால் அதற்கான கூடுதல் இணைப்பு மென்பொருளைத் தேட வேண்டும், இல்லையெனில் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டும். வாடிக்கையாளர் புகார்கள், சிறு திருத்த வேலைகள் போல ஒன்றையொன்று சாராத பணிகளுக்கு அது போதும். அவற்றுக்கு நாங்கள் இன்றும் டிரெல்லோவையே வைத்திருக்கிறோம்.

புராஜெக்டிலும் இதே சங்கிலி அறுபடலாம் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. தொடக்கத் தேதிக் கட்டத்தில் கையால் ஒரு தேதியைத் தட்டச்சு செய்தால், 'இந்த நாளுக்கு முன் தொடங்கக் கூடாது' என்ற கட்டுப்பாடு சத்தமில்லாமல் அந்தப் பணிக்கு விழுந்துவிடும். முந்தைய பணி சீக்கிரம் முடிந்தாலும் இது முன்னால் வராது. வேறுபாடு என்னவென்றால், அந்தப் பணியின் பக்கத்தில் ஒரு சிறு குறியீடு தோன்றுகிறது, அதன் மேல் சுட்டியை வைத்தால் கட்டுப்பாடு இன்னதென்று தெரிகிறது. நூறு வரிகள் கொண்ட அட்டவணையில் குறியீடுகள் வரும் பத்தியை மேலிருந்து கீழே பார்த்தாலே கைவைத்த இடங்கள் தெரிந்துவிடும். எக்செல்லை விட்டு இதற்கு வர எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இதன் தொடர்ச்சியாக ஒரு பழக்கத்தைக் கட்டாயமாக்கினோம்: வாடிக்கையாளருக்கு வாக்களித்த நாளைத் தேதிக் கட்டத்தில் எழுதாமல், 'டெட்லைன்' என்ற தனிக் கட்டத்தில் எழுதுவது. அங்கே எழுதினால் எந்தப் பணியும் நகராது. கணக்கில் வரும் முடிவுத் தேதி அதைத் தாண்டினால் சிவப்பு எச்சரிக்கை மட்டும் வரும். வாக்களித்த நாளும் உண்மையில் முடியும் நாளும் இப்படித் தனித்தனியே இருந்தால்தான் இடையில் உள்ள தூரம் தெரியும்.

பராமரிப்பில் புராஜெக்டுக்கென்றே உள்ள தொல்லைகளும் உண்டு. 2010 பதிப்பிலிருந்து புதிய பணிகள், தேதிகளை நாமே கையால் இடும் 'மேனுவல்' நிலையிலேயே தொடங்குகின்றன. மென்பொருளே கணக்கிடும் 'ஆட்டோ'வுக்கு மாற்றாவிட்டால் தேதிகள் தாமாக நகரா, பணம் கொடுத்து வாங்கியது வெறும் படம் வரையும் கருவியாகிவிடும். மேலும், முடியாத பணி நேற்றைய தேதியிலேயே நின்றுகொண்டிருந்தாலும் மென்பொருள் அதைத் தானாக இன்றைக்கு நகர்த்தாது; வாரம் ஒருமுறை யாரேனும் முன்னேற்றத்தைப் பதிந்து, எஞ்சிய வேலையை மறுதிட்டமிடும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். எங்களிடம் அந்தப் பொறுப்பு ஒருவருடையது. மற்றவர்கள் அவர் அனுப்பும் பிடிஎஃப்பை மட்டுமே பார்க்கிறார்கள். அப்படி ஒருவரை ஒதுக்க முடியாத அலுவலகத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விலைதான் தடை என்றால், கட்டணமில்லாத புராஜெக்ட்லிப்ரே மேக்கிலும் லினக்ஸிலும் இயங்கும், புராஜெக்டின் எம்பிபி கோப்புகளையும் திறக்கும். சிறிய அட்டவணைகளில் மட்டுமே அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். அந்த அளவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பணிகள் விழும்போது வேலையைப் பரப்பிக்கொடுக்கும், புராஜெக்டின் லெவலிங் வசதியைப் பற்றியும் இதே எச்சரிக்கையுடன்தான் பேச முடியும்: எங்களைப் போன்ற சிறு குழுவில் யாரிடம் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது பேசினாலே தெரிந்துவிடுவதால், அதைத் தானாக இயங்க விடாமல் அணைத்தே வைத்திருக்கிறோம்.