இலையுதிர்கால மஸ்கி: பழகாத கைக்கு ஏற்ற லூர்கள், ஒரு மதிப்பீடு

அக்டோபர் பிறந்துவிட்டால் கனடாவின் ஒன்டாரியோவில் மஸ்கி என்ற பெரிய, வேட்டையாடும் நன்னீர் மீனுக்குப் போகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: பெரிய லூரை, அதாவது செயற்கை இரையைக் கட்டு, மெதுவாக இழு. இந்த அறிவுரையில் பிழை இல்லை. நீர் குளிரக் குளிர மஸ்கி, குறிப்பாக முட்டை வளர்க்கத் தொடங்கிவிட்ட பெண்மீன், பனிக்காலத்துக்கு முன் உடம்பைத் தேற்றிக்கொள்ள நல்ல பருமனான இரையைத் தேடுகிறது. ஆனால் படகில் உடன் வருபவர் அதுவரை பாஸ் என்ற சிறிய மீனுக்கான, நூல் சுற்றும் சிறிய ஸ்பின்னிங் ரீலைத் தவிர வேறெதையும் தொடாதவர் என்றால், இந்த அறிவுரையை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட முடியாது. என் மனைவியின் தம்பி இந்தப் பருவத்தில் என்னுடன் ஒன்டாரியோவின் கவார்த்தா ஏரிகளுக்கு வரத் தொடங்கியதிலிருந்து, என் பெட்டியில் இருந்த லூர்களை மீன் எதைக் கடிக்கும் என்பதைவிட அவர் கை எதைத் தாங்கும் என்ற கண்ணோடு பார்க்க வேண்டியதாயிற்று. அப்படிப் பார்த்ததில் தேறியவையும் தேறாதவையும் பற்றியே இந்த மதிப்பீடு.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். எடை குறைந்த லூர்தான் வீச எளிது என்று புதியவர்களும், அவர்களுக்கு லூர் விற்கும் சில கடைக்காரர்களும் நினைக்கிறார்கள். மஸ்கிக்கான ராடு, அதாவது தூண்டில் கம்பு, பெரும்பாலும் நீளமாகவும் விறைப்பாகவும் இருக்கும். ரீலில் 80 பவுண்ட் தாங்கும் பின்னல் நூலும், அதன் முனையில், மீனின் பல்லுக்கு அறாத தடித்த இணைப்பான லீடரும் இருக்கும். இவ்வளவு கனமான சாதனத்தில் அரை அவுன்ஸ் லூரைக் கட்டினால் ராடு வளையவே வளையாது. வளையாத ராடு லூரை எறியாது. அந்தக் குறையைத் தோள் பலத்தால் ஈடுகட்டப் போய்ப் புதியவர் வெடுக்கென்று வீசுவார், ரீலின் உருளை லூரைவிட வேகமாகச் சுழலும், நூல் அங்கேயே சிக்குப் பந்தாகிவிடும். மறுபக்கம், அரை பவுண்டைத் தாண்டிய ரப்பர் லூர்களை வீசத் தேர்ந்த கையும் அதற்கென்றே செய்த ராடும் வேண்டும். வீச்சின் நடுவே நூல் சிக்கினால் லூர் அறுத்துக்கொண்டு பறந்துவிடும். எங்கே போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே புதியவருக்கு உகந்த எடை ஏறத்தாழ ஒன்றரை அவுன்ஸுக்கும் மூன்றரை அவுன்ஸுக்கும் இடையில் இருக்கிறது என்பது என் முடிவு.

எடைக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது நான்கைந்து குணங்கள். எடை முன்பக்கம் அல்லது நடுவில் திரண்டிருக்கிறதா, அதாவது காற்றில் புரளாமல் நேராகப் போகுமா என்பது ஒன்று. இழுக்கும்போது எவ்வளவு எதிர்க்கிறது என்பது மற்றொன்று. எந்த வேகத்தில் இழுத்தாலும், இடையில் நிறுத்தினாலும், கெடாமல் நீந்துகிறதா என்பதையும் பார்க்கிறேன். கடைசியாக, அதிகம் பேர் யோசிக்காத ஒன்று உண்டு. லூர் மிதக்குமா, மூழ்குமா? புதியவருக்கு நூல் சிக்கத்தான் செய்யும். அதை அவர் குளிர்ந்த விரல்களால் பிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், மிதக்கும் லூர் நீர்மேல் சமர்த்தாகக் கிடக்கும், மூழ்கும் லூரோ அடியில் இருக்கும் பாறையையோ கட்டையையோ தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஒரு சிக்கு இரண்டு சிக்காகி, படகைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதாகி, அந்த இடத்தில் இருந்த மீனும் கலைந்துவிடும்.

இந்த அளவுகோல்களில் முதலிடம் நான் கொடுப்பது ராப்பலாவின் சூப்பர் ஷாட் ராப்புக்கு. 14 சென்டிமீட்டர் நீளம், 45 கிராம் எடை, பால்சா மரத்தால் ஆன பருத்த உடல். மிதக்கும் வகை, இழுக்கும்போது ஐந்திலிருந்து ஒன்பது அடி ஆழம் வரை இறங்கும். ரீலைச் சுற்றினால் நீந்தும், நிறுத்தினால் மெல்ல மேலே எழும், வேறு வித்தை எதுவும் வேண்டாம். இலையுதிர் காலத்தில் மஸ்கி பல நேரம் அந்த நிறுத்தத்தில்தான் கடிக்கிறது என்பதால், புதியவர் மூச்சு வாங்க நின்றாலும் அதுவே உத்தியாக அமைந்துவிடுகிறது. பெரிய இரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இதைச் சிறியது என்று தள்ளிவிடுவார்கள். 1988 அக்டோபரில் ஜார்ஜியன் விரிகுடாவின் பிளாக்ஸ்டோன் ஹார்பரில் கென் ஓ'பிரையன் பிடித்த 58 அங்குல நீளமும் 65 பவுண்ட் எடையும் கொண்ட மஸ்கி, இன்றும் கனடாவின் பெருமீனாகப் பேசப்படுவது, விழுங்க வந்தது 4 அங்குல ராப்பலா ஒன்றைத்தான். அந்த ஒரு மீனை வைத்துச் சிறிய லூரே சிறந்தது என்று வாதாட மாட்டேன். ஆனாலும் அளவு குறைந்ததால் மட்டும் ஒரு லூர் தள்ளத்தக்கதாகிவிடாது.

அடுத்து தகடு சுழலும் ஸ்பின்னர் வகைகள். மெப்ஸ் நிறுவனத்தின் மஸ்கி கில்லர், ஐந்தாம் எண் தகடும் (எண் கூடக் கூடத் தகடு பெரிதாகும்) மான்வால் முடியும் கொண்ட முக்கால் அவுன்ஸ் லூர், கோடையில் சற்று இலகுவான ராடோடு தரத்தக்க அருமையான பொருள். ஆனால் மேலே சொன்ன எடைக் காரணத்தால் கனமான மஸ்கி ராடில் அதைக் கட்டிப் புதியவரிடம் கொடுப்பது வீண். மற்றொரு முனையில் மஸ்கி மேஹெம் நிறுவனத்தின் டபுள் கவ்கேர்ள் இருக்கிறது. பத்தாம் எண் தகடுகள் இரண்டும், மினுமினுக்கும் இழைக் குஞ்சமும் கொண்டது. மஸ்கி பிடிக்கும் முறையையே மாற்றிய லூர் என்று அதைச் சொன்னால் மிகையில்லை. வீசுவதற்கு அது கடினமே இல்லை. சிரமமெல்லாம் திரும்பி வரும்போதுதான். இரண்டு பெரிய தகடுகளும் நீரைப் பிடித்துக்கொண்டு, கிணற்றிலிருந்து நிறைந்த வாளியை இழுப்பதுபோல் ஒவ்வொரு வீச்சையும் இழுக்க வைக்கின்றன. கியர் விகிதம் குறைந்த, அதாவது மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் ரீல் இருந்தால் தாங்கலாம், பாஸுக்கான வேக ரீலோடு வந்தவருக்கு மதியத்துக்குள் மணிக்கட்டு ஓய்ந்துவிடும். அதே நிறுவனத்தின் ஷோகேர்ள், எட்டாம் எண் தகடுகள் கொண்டது, இந்த இரண்டுக்கும் இடையில் சரியாக வந்து உட்காருகிறது. எடை போதும், இழுவை தாங்கக்கூடியது, காற்றில் நேராகப் போகிறது. பழகாதவருக்கு இரட்டைத் தகடு வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். ஒரு குறை, மூழ்கும் வகை என்பதால் நூல் சிக்கிய கணமே அடியைப் பார்த்துப் போகிறது.

கவார்த்தா ஏரிகளில் அக்டோபரில் வேறொரு தொல்லை உண்டு. வேரறுந்த நீர்ச்செடிகள் மந்தையாக மிதந்து வந்து ஒவ்வொரு ஹூக்கிலும் (தூண்டில் முள்ளிலும்) தொற்றிக்கொள்ளும். மும்முனை ஹூக்குகள் இரண்டோ மூன்றோ தொங்கும் லூரைக் கட்டினால், வீசுவதைவிடச் செடி பிடுங்குவதிலேயே பொழுது போய்விடும். அந்த நாட்களில் கம்பி வளைத்துச் செய்த, ஈயத்தலை கொண்ட, ஒற்றை ஹூக் ஸ்பின்னர்பெய்ட்டை விட்டால் வேறு கதி இல்லை. எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே பெரிதல்ல, கம்பி தடிமனாகவும் ஹூக் முனை கூராகவும் இருந்தால் போதும். கல்லைப்போல் கனத்துப் பறக்கிறது; செடியை ஒதுக்கிக்கொண்டு வருகிறது; ஒற்றை ஹூக் என்பதால் பதினான்கு அடிப் படகில் இருவர் அருகருகே நின்று வீசும்போது மனத்துக்கும் நிம்மதி. கடைகளில் இதை யாரும் முன்வரிசையில் அடுக்கி வைப்பதில்லை என்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

மென் ரப்பர் வகைக்கு வருவோம். மஸ்கி இனோவேஷன்ஸ் நிறுவனத்தின் புல் டாக் இலையுதிர் காலத்தின் அரசன் என்று பெயர் எடுத்தது. எடை முழுவதும் தலையில், பின்னால் சுருள்வால். வீசினால் வால் நீட்டிக்கொண்டு அம்பாகப் பறக்கிறது. 9 அங்குல வழக்கமான அளவைப் புதியவர் இரண்டு கையாலும் ராடைப் பிடித்து, லூரை ராடின் நுனியிலிருந்து ஒன்றரை அடி தொங்கவிட்டு, நிதானமாகச் சுழற்றி எறிந்தால் சிக்கல் இல்லாமல் போகிறது. 12 அங்குல மாக்னம் அனுபவசாலிக்கு உரியது. பவுண்டர், பெயருக்கேற்ப ஒரு பவுண்ட் எடை, விருந்தாளியின் கையில் தரத்தக்க பொருளே அல்ல. வழக்கமான அளவிலும் ஒரு பழக்கம் தேவைப்படுகிறது: ராடை ஓர் அடி இழுத்து, நூலைச் சற்றுத் தளரவிட்டு, லூர் தலைகுப்புற விழும்போது அதைத் தொடர்ந்து நூலைச் சுற்றிக்கொள்ள வேண்டும். கடி பெரும்பாலும் விழும்போது வருவதால், தளர்ந்த நூலில் அதை உணர்வதற்குப் புதியவருக்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். என் மைத்துனருக்கு நான் சொன்ன வழி, இழுக்காமல் சீராகச் சுற்றிக்கொண்டே வருவது. அழகு குறைந்தாலும் வால் தன் வேலையைச் செய்துவிடுகிறது. மீன் கடித்த வால் கிழிந்துபோவதும் இந்த வகையோடு வரும் செலவு, சூடான கத்தி முனையால் உருக்கி ஒட்டிக்கொள்ளலாம்.

சுயிக் திரில்லரைப் பற்றி ஒரு சொல். விஸ்கான்சினின் ஆன்டிகோ ஊரில் பிறந்த இந்த மரத்துண்டு, வாலில் வளைக்கத்தக்க உலோகத் தகட்டோடு, பல தலைமுறைகளாக மஸ்கி பிடித்து வருகிறது. மிதக்கும், நல்ல தூரம் பறக்கும். ராடைக் கீழ்நோக்கி இழுத்தால் முங்கும், விட்டால் எழும். புதியவருக்கு இது பொருந்தாது என்று பலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இழுப்பு, காத்திருப்பு என்ற தாளம் ஒருமுறை பிடிபட்டால், ரீலை ஓயாமல் சுற்றும் வேலையைவிடக் கை குறைவாகவே களைக்கிறது. தட்டையான பக்கங்களைக் கொண்ட நீண்ட மின்னோ (சிறுமீன்) வடிவ லூர்களைத்தான் நான் தவிர்க்கச் சொல்வேன். நீரில் அவற்றின் நெளிவு கண்கொள்ளாக் காட்சி என்றாலும், எதிர்க்காற்றில் அவை பட்டமாகி விலகி, ஹூக் நூலிலேயே மாட்டிக்கொண்டு திரும்பும். நவம்பரில் காற்றில்லாத நாளுக்கு எங்கே போவது?

நிறத்தைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. புதியவர் உடன் இருக்கும்போது நிறம் மீனுக்காக அல்ல, அவருக்காக. மஸ்கி லூரைப் படகுவரை பின்தொடர்ந்து வந்து கடைசி மூன்று அடியில் முடிவெடுக்கும் மீன். அதனால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் ராடின் நுனியை நீருக்குள் விட்டு அகலமாக எட்டுப் போட வேண்டும், அதாவது 8 என்ற எண்ணின் வடிவில் லூரைச் சுழற்ற வேண்டும். களைத்தவர் இதை முதலில் கைவிடுகிறார், அல்லது லூர் எங்கே வருகிறது என்று தெரியாமல் லீடரை ராடின் வளையத்தில் மோதவிட்டு நின்றுவிடுகிறார். ஆகவே ஆரஞ்சு வயிறோ, வெள்ளை வாலோ, பளீரென்ற மஞ்சளோ உள்ள லூரைக் கொடுங்கள். கலங்கிய நீரிலும் ஆறடி தூரத்திலேயே அவர் கண்ணுக்குத் தெரியும், நேரத்தோடு திருப்பத்தைத் தொடங்குவார். சூப்பர் ஷாட் ராப்பின் ஃபயர்டைகர் என்ற, ஆரஞ்சு வயிறு கொண்ட பளீர் நிறத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான். இழுவை குறைந்த லூர் என்றால் எட்டுப் போடுவதும் எளிது; டபுள் கவ்கேர்ளோடு குளிரில் எட்டுப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

லூரோடு சேர்த்துச் சில பொருள்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரீலின் பிரேக்கை வீச்சுத் தூரம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இறுக்கியே வையுங்கள். நூலைத் தடவும் பெருவிரல் மட்டும் வெளியே இருக்கும் கையுறை அவசியம். ஈரநூல் ஐந்து பாகைக் குளிரில் விரலை மரத்துப்போகச் செய்துவிட்டால் உருளையை நிறுத்தும் உணர்வே இருக்காது. ஹூக்கை வெட்டும் கட்டர், மீன் முழுதாகப் படுக்கும் அளவுக்குப் பெரிய வலை, நீண்ட மூக்குக் குறடு ஆகிய மூன்றும் இல்லாமல் மஸ்கிக்குப் போகவே கூடாது. ஒன்டாரியோவின் பாதுகாப்பு மீன்பிடி உரிமத்தில் (குறைவான மீன்களையே வைத்துக்கொள்ள அனுமதிக்கும் உரிமம்) மஸ்கியை வைத்துக்கொள்ளும் வரம்பு பூஜ்யம் என்பதால், அந்த உரிமத்தோடு வரும் நண்பர் பிடிக்கும் ஒவ்வொரு மீனும் நீருக்குத்தான் திரும்ப வேண்டும்.

வீசவே முடியாத அளவுக்குக் கை ஓய்ந்துவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. டெட்ராய்ட் ஆற்றிலும் செயின்ட் கிளேர் ஏரியிலும் புகழ்பெற்ற பாண்டி பெய்ட்டைப் படகின் கீழேயே நேராக இறக்கித் தூக்கித் தூக்கி விடலாம், வீச்சே தேவையில்லை. ஆனால் அது ஆழமான, ஓட்டமுள்ள நீருக்கு ஏற்றது, கவார்த்தாவின் ஆழமற்ற செடிப்பரப்புகளில் அதற்கு வேலை குறைவு. இங்கே நான் எடுப்பது ட்ரிஃப்டர் டேக்கிளின் எட்டு அங்குல பிலீவர். நூல் கட்ட இரண்டு வளையங்கள் இருப்பதால் ஆழத்தை மாற்றிக்கொள்ளலாம், ஒழுங்காக வீசவும் வருகிறது, படகின் பின்னால் கட்டி இழுத்துப் போகவும் வருகிறது. கவார்த்தா ஏரிகளில் ஆளுக்கு ஒரு நூல்தான் அனுமதி. இருவரும் ஆளுக்கொரு பிலீவரைப் பின்னால் விட்டுவிட்டு, இன்னும் பசுமையாக நிற்கும் செடி விளிம்பை ஒட்டிப் படகை மெதுவாக ஓட்டும் பொறுப்பை மைத்துனரிடம் கொடுத்துவிட்டால், அவர் கையும் சூடேறும், பருவம் டிசம்பர் 15 அன்று முடியும்வரை அடுத்தடுத்த வாரங்களுக்கும் தாமாகவே வரச் சம்மதிப்பார்.