எஸ்பிசி தரை போடுகிறீர்களா? வாசல் இணைப்பைப் பார்க்காமல் கடைசிக் காசைக் கொடுக்காதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு டெரஸ் வீடு. வரவேற்பறையில் பழைய டைல்ஸ் அப்படியே இருக்க, பக்கத்து அறையின் சிமெண்ட் தரைக்கு மட்டும் எஸ்பிசி வினைல் (கல்தூள் கலந்த பிளாஸ்டிக் பலகை) போட ஒரு குத்தகையாளரைப் பிடித்தார்கள். அவர் கொடுத்த குவோட்டேஷனில் 'லெவலிங், டிரிம் உட்பட' என்று ஒரே வரி: தரையை மட்டப்படுத்துவதும் விளிம்புப் பட்டையும் அதிலேயே அடக்கம். முழுக் காசும் கைமாறிய பிறகு பார்த்தால், அறை வாசலில் 12 மி.மீ. இறக்கம். அதன் மேல் ஒரு டி மோல்டிங் (இணைப்பை மூடும் T வடிவப் பட்டை), ஒரு பக்கம் சாய்ந்தபடி சிலிகானில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊன்றுகோல் பிடித்து நடக்கிற பாட்டி இருக்கும் வீடு அது.

இந்த இறக்கம் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது. டைல்ஸின் மேல்மட்டம் சிமெண்டிலிருந்து 17 மி.மீ. அடியில் ஒட்டிய ஃபோமோடு சேர்த்து எஸ்பிசி 5 மி.மீ. மீதி 12. டேப்பை வைத்தால் முடிகிற கணக்கு.

லெவலிங்கில்தான் பெரிய கைவரிசை. 12 சதுர மீட்டர் அறையை 12 மி.மீ. உயர்த்த வேண்டும். ஊற்றினால் தானே மட்டமாகும் செல்ஃப் லெவலிங் கலவை ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்குச் சுமார் 1.7 கிலோ பிடிக்கும். ஆக 245 கிலோ, 25 கிலோ மூட்டையில் பத்து. வந்ததோ இரண்டு மூட்டை. அதையும் பிரைமர் (பிடிப்புக்கான அடிப்பூச்சு) அடிக்காமல் ஊற்றியிருக்கிறார்கள். காய்ந்த கான்கிரீட் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் பிடிப்பே இருக்காது. சுவரோரம் சாவியால் கீறினால் மாவாக உதிர்கிறது. வேலை நடக்கும்போது காலி மூட்டைகளை எண்ணிப் படம் எடுத்து வையுங்கள். காய்ந்ததும் 2 மீட்டர் நேர்க்கட்டையை வைத்துப் பாருங்கள், அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது.

டி மோல்டிங் இரு பக்கமும் ஒரே மட்டமாக இருக்கும் இடத்துக்கானது. இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் தாங்கும். அதற்கு மேல் போனால் ஒரு சிறகு அந்தரத்தில் நின்று, மிதிபட்டுப் பிய்ந்துவரும். இறக்கத்துக்கு ரெடியூசர் என்ற சரிவுப் பட்டை வேண்டும். அதிலும் குறுகலான பட்டை போட்டால் சரிவு செங்குத்தாகிவிடும். வயதானவர்கள், சக்கர நாற்காலி இருக்கும் வீட்டில் 1:12 சரிவு நல்லது. அதாவது 12 மி.மீ.க்கு 144 மி.மீ. நீளம்.

அடுத்தது இடைவெளி. எஸ்பிசி தரையில் ஒட்டாமல் மிதக்கிற சங்கதி, வெயிலில் விரியும். இங்கே பலகையை டைல்ஸ் விளிம்போடு முட்டவிட்டு, மோல்டிங்கையும் இரு பக்கமும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு வழியாக மத்தியான வெயில் விழும் இடத்தில் பலகை கூரைபோல எழும்பி, பலகைகளைக் கோக்கும் கிளிக் பூட்டு உடைந்துவிட்டது. உடைந்த பூட்டை ஒட்டிச் சரிசெய்ய முடியாது, பலகையைத்தான் மாற்ற வேண்டும். வாசலிலும் சுவரோரமும் 8 முதல் 10 மி.மீ. விட வேண்டும். அலுமினிய அடிப்பட்டையை அந்த இடைவெளிக்குள் கான்கிரீட்டில் திருகி, மேல்பட்டையால் மூட வேண்டும். பலகையில் ஆணியோ பசையோ படவே கூடாது.

ஈரச் சமையலறைப் பக்கம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வீடு என்றால், அங்கே எஸ்பிசி போகாமல் டைல்ஸ் கட்டையோடு நிற்கட்டும். தரையை உயர்த்தச் சொல்லும் முன் குளியலறைக் கட்டையையும் அளந்துவிடுங்கள்: 12 மி.மீ. கலவையும் 5 மி.மீ. பலகையும் சேர்ந்தால் 20 மி.மீ. கட்டையில் மிஞ்சுவது 3தான், தண்ணீர் அறைக்குள் வந்துவிடும். கதவின் அடியை யார் அறுப்பது என்பதும் குவோட்டேஷனில் இருக்கட்டும். டிரிம்மின் வகை, அகலம், எத்தனை மீட்டர், கலவை எத்தனை மூட்டை, எல்லாம் தனித்தனி வரியாக வேண்டும். 'உட்பட' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த 3 ஆண்டுக்குள் மனுப்போட வேண்டும். வேறு ஆளை வைத்து எல்லாவற்றையும் பிரித்துப்போட்டுவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. டேப்பின் எண் தெரிகிற மாதிரி படம் எடுத்த பிறகே மோல்டிங்கில் கை வையுங்கள்.